கட்டிப்போட்ட பை

ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. நான் தலைநகரில், மயூர் விஹாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பில் போடும் பெண், இனி பிளாஸ்டிக் பை கிடையாது என்று இந்தியில் சொல்லிவிட்டாள். என்னிடம் துணிப்பை இருக்கிறது, முதுகுப்பைக்குள். ஆனால் நுழையும்போதே காவலாளி, திருட்டுப் பயத்தில், முதுகுப்பையின் ஜிப்பைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டார். எனக்கு முன்னால் நின்றவர் வெங்காயத்தை ஹெல்மெட்டில் கொட்டிக்கொண்டு போகிறார். எனக்கு ஹெல்மெட்டும் இல்லை.

“ஐயோ, துணிப்பை உள்ள மாட்டிக்கிச்சே, ரயில் போயிடும்!” என்று வாய்விட்டே புலம்புகிறேன்.

“தமிழா? இந்த ஊருக்குப் புதுசா சார்?” பின்னால் நிற்கும் பெண்மணி சிரிக்கிறார். “இங்க துணிப்பைய மடிச்சு பாக்கெட்லதான் வச்சுக்கணும். வாசல்ல செக்யூரிட்டி பையாகிட்ட கத்திரி இருக்கும், வெட்டச் சொல்லுங்க. ஜல்தி!”

பணத்தைக் கட்டிவிட்டு, பிரெட், வாழைப்பழம், இரண்டு தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஒரு பாட்டில் உருண்டு போய் அதே காவலாளியின் காலடியில் நிற்கிறது. அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு இந்தியில் கேட்கிறார்: “வீட்டிலிருந்து ஒரு பை கொண்டுவரக் கூடாதா, சார்?”