நீட்டிய கிண்ணம்

இத்தாலியில் இறங்கிய முதல் இரண்டு நாளில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரும் இல்லை, மொழியும் இல்லை. ஒருத்தர்கூட என்னைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. மலேசியாவில், எங்கள் கிள்ளானில், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா குப்பை போட வெளியே வந்தால்கூட "சுடா மாக்கான்?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது அவருக்கு முக்கியம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழாமல் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. இங்கே ரயில் நிலையத்திலும் பஸ்ஸிலும் காப்பிக் கடையிலும் எல்லாரும் சிரித்துச் சிரித்து என்னவோ சொன்னார்கள். அதில் சாப்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே பயந்து போயிருந்த எனக்கு அதுவே கெட்ட சகுனமாகத் தோன்றியது.

நானும் என் வீட்டுக்காரரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஒரே மகன் குமரன் மேல்படிப்புக்காக அங்கே போனவன். ஒரு விடுமுறையில், மலை உச்சியில் இருக்கும் ஒரு கிறிஸ்துவத் துறவி மடத்தில் ஒலிவக் காய் பறிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனான். மூன்று வாரம் என்று சொல்லிப் போனவன், படிப்பு முடிந்ததும் திரும்ப அங்கேயே போய் இருந்துவிட்டான். ஒருநாள் போனில், "அம்மா, நான் இங்கயே இருந்துரலாம்னு நினைக்கிறேன்" என்றான். நானோ வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, "எந்த கம்பெனிடா?" என்று கேட்டேன். "கம்பெனி இல்லம்மா. சாமியாரா" என்றான். பெற்றவர்கள் வந்து இடத்தைப் பார்த்துப் பிள்ளையோடு பேசும்வரை எந்த முடிவும் கிடையாது என்று மடத்துப் பெரியவர் சொல்லிவிட்டாராம். அதனால்தான் போனோம்.

என் வீட்டுக்காரர் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். காப்பாரில் மின்நிலையத்து வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கவலை ஒன்றே ஒன்றுதான். "அவன் எந்த சாமிய வேணும்னாலும் கும்பிடட்டும் லா, அது அவன் பாடு. எனக்குக் கொள்ளி வைக்க யாரு வருவா? நீயா?" என்று விமானத்தில் நாலு தடவை கேட்டார். என் பயம் வேறு. முன்பு ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் ஒரு பிரசங்கம் கேட்டேன். தாய் சம்மதம் இல்லாமல் பிள்ளை துறவி ஆக முடியாது, அவள் தன் கையால் முதல் பிச்சை போட்டால்தான் அவன் வாசல் தாண்டலாம் என்று பிரசங்கம் செய்தவர் சொன்னார். குமரனுக்கு அப்போது ஏழு வயது, என் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அது எந்த நூலில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்த வார்த்தை மனசில் ஆணி மாதிரி நின்றுவிட்டது. அதனால் விமானத்திலேயே முடிவு செய்துகொண்டேன்: அந்த மலையில் இருக்கும்வரை என் வாயால் "சரி" என்ற சொல் வரக்கூடாது. அவன் காலில் விழுந்தால் தலையில் கை வைக்கக்கூடாது. சாப்பாட்டை மட்டும் நான் யோசிக்கவில்லை.

பஸ் நின்ற இடத்துக்குக் குமரன் மடத்து வேனில் வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். மற்றபடி சாதாரண ஜாக்கெட்தான், அங்கியெல்லாம் இல்லை. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. மலைப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. கீழே ஒலிவத் தோப்புகள் சாம்பல் பச்சையாகக் கிடந்தன. உச்சியில் கல்லால் கட்டிய கட்டடம், ஒரு மணிக்கூண்டு, சுற்றி ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை.

கோயில் வாசலைக் கண்டதும் என் கை தானாகச் செருப்பைக் கழற்றியது. கல் தரை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. உள்ளே போய் நின்றேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. 'சாமி, உங்க வீட்டுக்குள்ளயே வந்து, உங்ககிட்டயே என் பிள்ளையத் திருப்பிக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க' என்றுதான் சொல்ல வந்தது. திரும்பினால், விருந்தாளிகளைக் கவனிக்கும் வயசான பாத்ரே என் செருப்பு இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். யாரோ மறந்து விட்டுப் போனதாக நினைத்திருக்கிறார். குனிந்து அதை என் காலடியில் வேறு வைத்தார். ஒரு துறவி என் செருப்பைத் தொடுவதா! பாவம் தீர அவர் காலைத் தொட்டேன். அவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்து, நான் மயங்கி விழுகிறேன் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்தார். "இன்னும் அரை மணி நேரம் இருந்தா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சின்ன வயதிலிருந்து நான் கும்பிடும் முருகன், வீட்டை விட்டுப் போய் மலைமேல் ஆண்டியாக நிற்கிற பிள்ளை. அந்தக் கோலத்தைப் பார்த்து எத்தனை தடவை கண்ணீர் விட்டு உருகியிருக்கிறேன். அவனைப் பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரான் பிள்ளை துறவியானால் காலில் விழுகிறோம். நம் பிள்ளை துறவியானால் காலைப் பிடித்து இழுக்கிறோம்.

மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் பேசக்கூடாது. மூலையில் ஒருவர் நின்று புத்தகம் வாசிப்பார், அவ்வளவுதான். நாங்கள் மூவரும் விருந்தாளிகளின் நீள மேசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் பரிமாற வேண்டுமாம். வயசான பாத்ரே சிரித்தபடி கரண்டியை என் கையில் கொடுத்து, சூப்புப் பானையை என் முன்னால் நகர்த்தினார். அவரை விதையும் ரொட்டியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய சூப்பு. பரிமாறுவது எனக்குப் புதிதா? எதிரே இருந்த வேறொரு விருந்தாளிக் கிழவருக்கு ஊற்றினேன், என் வீட்டுக்காரருக்கு ஊற்றினேன். எங்களை அழைக்க வரும்வரை ஒலிவ மரத்தில் ஏறி இறங்கிய பசியில் குமரன் இரண்டு கையாலும் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினான்.

கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

மடத்துக்குள், ஒட்ட வெட்டிய தலையோடு, என் பிள்ளை என்னிடம் கிண்ணத்தை நீட்டுகிறான். நான் ஊற்றினால் அது என்ன? சூப்பு மேசைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். யாரும் பேச முடியாது, நானும் சொல்ல முடியாது. குமரன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு முகம் மாறியது. அவனுக்கும் அந்தப் பிரசங்கம் ஞாபகம் வந்துவிட்டது. மெதுவாகக் கிண்ணத்தை இழுத்துக் கீழே வைத்தான். பசியோடு சும்மா உட்கார்ந்தான்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாயால் முடியும்? கரண்டியில் இருந்ததை என் கிண்ணத்தில் ஊற்றினேன். ரொட்டியைப் பிய்த்து, என் கிண்ணத்துச் சூப்பில் தோய்த்து, கையை நீட்டி அவன் வாயில் ஊட்டினேன். பிச்சை வேறு, ஊட்டுவது வேறு. இருபத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, அத்தனை சாமியார்கள் பார்க்க, கண்ணில் நீரோடு வாயைத் திறந்தான். முழு ரொட்டியும் தீரும்வரை ஊட்டினேன்.

சாப்பாடு முடிந்ததும் வயசான பாத்ரே பஞ்சும் மருந்துப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஓடி வந்து குமரனின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய் பறித்ததில் கையில் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் அம்மா ஊட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். அந்த மலையில் நான் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் மதில் ஓரம் உட்கார்ந்து கேட்டேன். "ஏன்டா உனக்கு இது? நம்ம சாமி என்னடா குறை வச்சாரு?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. இங்க வந்தா எனக்குள்ள சத்தம் நின்னுருது."

"கிள்ளான்ல அப்படி என்ன சத்தம்?"

"அப்பா டிவி, நீ போன்ல கத்துறது, ரோட்டுல லோரி. லிஸ்ட் வேணுமா?" சிரித்தான். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "நீ மட்டும் உன் அம்மாவ விட்டுட்டு வரலியா?" என்றான்.

திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்தவள் நான். போட்டோவில் மட்டும் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வயதில் கடல் தாண்டினேன். மெட்ராஸ் விமான நிலையத்தில் அம்மா ஒரு புளிசாதப் பொட்டலத்தைக் கையில் வைத்து, "இனிமே அதுதான் உன் வீடு" என்றாள். அழவில்லை. வந்து மூன்றாம் வருஷம் அவள் போய்விட்டாள். நான் நிறைமாதம், விமானம் ஏற விடவில்லை. முகம்கூடப் பார்க்கவில்லை. ஊர், உறவு, பெற்றவள், பிறந்த வீட்டுக் குலதெய்வம் எல்லாவற்றையும் விட்டுத்தான் வந்தேன். அதற்கு யாரும் துறவு என்று பெயர் வைக்கவில்லை. கல்யாணம் என்று பெயர் வைத்து மேளம் கொட்டி அனுப்பினார்கள். கிள்ளானில் உட்கார்ந்து இதைப் படிக்கிற எத்தனையோ பெண்களுக்கும், கூலிம் தொடங்கி ஜொகூர் வரை கணவன் வீடு வந்தவர்களுக்கும் இது தெரியும். அந்தப் பொட்டலத்தை என் அம்மா எப்படிக் கொடுத்தாள் என்று முப்பது வருஷம் கழித்து ஒரு அந்நிய மலையில் யோசித்தேன்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டோடு கிளம்ப வேண்டும். கரண்டியை நானே கேட்டு வாங்கினேன். எல்லாருக்கும் ஊற்றினேன். குமரன் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கிண்ணத்தை மேசையிலேயே வைத்திருந்தான். கண்ணால் சைகை காட்டினேன், நீட்டு என்று. தயங்கித் தயங்கி நீட்டினான். அரைக் கரண்டி ஊற்றினேன். அதற்கு மேல் கை வரவில்லை.

வேன் பக்கத்தில் வந்து நின்றபோது, "ஏம்மா பாதி?" என்றான்.

"மீதி கிள்ளான்ல இருக்கு. வந்து குடிச்சிட்டு, அப்புறம் முடிவு பண்ணு."

அவன் காலில் விழுந்தான். நான் தலையில் கை வைத்தேன். அந்த முடிவும் காற்றில் போனது. "சரி" மட்டும் இன்னும் சொல்லவில்லை.

வருகிறேன் என்றிருக்கிறான். எப்போது என்று சொல்லவில்லை. வந்து இருப்பானா, திரும்பப் போவானா என்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஏழரைக்கு விளக்கு ஏற்றி, சாமி கும்பிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கிறேன். அங்கே அப்போது மதியம் பன்னிரண்டரை, மணி அடிக்கும் நேரம். குழம்பு ஊற்றும்போது என் கை தன்னால் பாதியில் நின்றுவிடுகிறது.

"என்ன லா, எனக்கும் அரைக் கரண்டிதானா?" என்று என் வீட்டுக்காரர் தட்டை நீட்டுகிறார்.

"நீட்டாதீங்க" என்கிறேன். "தட்டக் கீழ வைங்க."