பாதி முள்ளில் திரும்புகிறவர்

ஃபுல் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுகூடத் தொட்டவர் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். பங்க்கில் ஜீப்பை நிறுத்தினால், டீசல் போடுகிற பையன் வாயைத் திறப்பதற்குள் "ஃபுல்!" என்பார். கால்வாசி குறைந்திருந்தாலும் ஃபுல். நேற்று சாயங்காலம் போட்டு, ராத்திரி முழுக்க வண்டி வாசலிலேயே நின்றிருந்தாலும் ஃபுல். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டார் தெருமுனைக் கடையில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார்கள். கடைக்காரர் வெள்ளந்தியாக, "யாரு, நம்ம ஃபுல்லா? தங்கமான மனுஷனாச்சே" என்று சொல்லிவைக்க, கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

பிறவியிலேயே அவர் அப்படித்தான். சின்ன வயதில் தட்டில் பாதிச் சோறு காலியானதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாராம். இப்போதும் பற்பசை பாதியானால் புதிது வாங்கிவிடுவார். பழையதைத் தூக்கிப் போடவும் மனசு வராது. குளியலறை அலமாரியைத் திறந்தால் பாதி பிதுங்கிய பற்பசைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். "இந்த வீட்டுல முழுசாத் தீர்ந்துபோற ஒரே பொருள் என் பொறுமைதான்" என்பார் அவர் மனைவி. அவர் தையல்காரர். எப்போதும் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவதால் அவருடைய பேச்சு கொஞ்சம் குத்தலாகத்தான் வரும்.

ஃபுல்லின் பிழைப்பு அந்தப் பழைய நாலு சக்கர இழுவை ஜீப். செல்போன் டவர் வேலைக்காரர்களைக் கரடுமுரடான மேடுகளுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது: பாதி போறதுக்கு, பாதி வர்றதுக்கு. டீசல் முள் நடுக்கோட்டைத் தொட்டதோ இல்லையோ, வண்டியைத் திருப்பிவிடுவார். பின்னால் இருப்பவர்கள் கத்தினால், "அதோ டவர் கண்ணுக்குத் தெரியுதுல்ல, அப்படியே நடந்துடுங்க" என்று இறக்கிவிடுவார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருத்தரையும் டீசல் இல்லாமல் நடுவழியில் நிற்க வைத்ததில்லை. போய்ச் சேர வைத்ததும் கொஞ்சம் குறைவுதான்.

இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது அவருடைய மனைவிதான்.

மனைவியின் அக்கா இருப்பது பொட்டல் காட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் பங்க் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. போகிற வழியில் ஓர் ஒற்றை மரம் உண்டு. அந்த மரத்தடிக்கு வரும்போது முள் சரியாகப் பாதிக்கு வந்துவிடும். மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அக்கா ஊரில் பங்க் இருக்கிறதே என்றால், "பூட்டியிருந்தா?" என்பார். கேனில் ஊற்றிக்கொண்டு போகலாமே என்றால், மனைவிக்கு டீசல் வாடை ஆகாது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா ஒருநாள் ஃபோனில் வெடித்துவிட்டார்.

"உனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சுக் கட்டில் வாங்கிப் போட்டேன்டி. அதுல இப்ப பூனை தூங்குது. டீசல் பத்தலையாம்! பொய் சொல்றதையாவது ஒழுங்காச் சொல்லு. புருஷனும் பொண்டாட்டியுமா என் வாசல்ல வந்து நில்லுங்க. அதுவரைக்கும் எனக்குத் தங்கச்சியே கிடையாது."

அதற்குப் பிறகு அக்கா ஃபோன் எடுக்கவில்லை. தினமும் மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி கூப்பிட்டுப் பார்ப்பதும், மணி அடித்து அடித்து ஓய்வதும், மறுபடி மெஷின் ஓடுவதும் ஃபுல்லுக்குக் கேட்கும். மனைவி திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. வாயில் குண்டூசி இல்லாத நேரத்திலும் பேசாமல் இருந்தார். அதுதான் அவரைப் போட்டு அரித்தது.

சட்டத்தை மாற்ற முடியாது. டேங்க்கை மாற்றலாமே? நேராக மச்சானின் பட்டறைக்குப் போனார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மாமாவைக் கிண்டல் செய்வதற்கென்றே பிறந்தவர், இடையிடையே மெக்கானிக் வேலையும் பார்ப்பார்.

"பெரிய டேங்க்கா? தாராளமாப் போட்டுடலாம் மாமா. ஆனா ஒண்ணு, அதுக்கும் பாதி உண்டு. தெரியும்ல?"

"அந்தப் பாதி அண்ணி வீட்டு வாசலைத் தாண்டியே வரும்டா. மேப்புல அளந்து பார்த்துட்டேன்."

மச்சான் சிரிப்பதை நிறுத்தினார். அவருக்கும் அது அக்காதானே. அன்றைக்கே மற்ற வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு ஜீப்பை முட்டுக் கொடுத்துத் தூக்கினார். பழைய டேங்க்கை வடித்து, அதைத் தாங்கியிருந்த இரும்புப் பட்டியைக் கழற்றி, தூங்குகிற குழந்தையை இறக்குவது போல மெதுவாக இறக்கினார். பின்பக்கம் அடியில் தொங்கிய ஸ்டெப்னி கதவுக்கு இடம் மாறியது. புகைக்குழாயை ஒரு பக்கமாக வளைத்து ஒதுக்கி, கிடைத்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு புது டேங்க் மேலே ஏறியது. டீசல் அளவைக் காட்டும் மிதவையையும் புதிதாகப் பொருத்தினார். ஃபுல்லும் பக்கத்திலேயே தரையில் மல்லாந்து கிடந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார்.

"மச்சான், இது முழுசா நெறைஞ்சா வண்டி பின்னாடி உக்காந்துடாதா?"

"அதுக்குத்தான் மாமா பின் ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூடப் போட்டிருக்கேன்."

"போல்ட் கழண்டுட்டா?"

"பாதி கழண்டதும் திருப்பிக்கிட்டு வந்துடுங்க."

"பழைய டேங்க்கைக் குடுத்துடு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு மாமா, கட்டிலுக்கு அடியில வைக்கவா?"

"அடியில இன்னும் கொஞ்சம் டீசல் ஒட்டிக்கிட்டு இருக்குடா" என்றார் ஃபுல், பரிதாபமாக.

கிளம்புகிற அன்று காலையில் பங்க்கில் ஒரே கூத்து. புது டேங்க்கில் ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொண்டு, பாதி போட்டதுமே குழாய் டக்கென்று நின்றுவிட்டது. பையன் "அவ்வளவுதாண்ணே" என்றான். ஃபுல்லா விடுவார்? ஜீப்பின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொட்டில் மாதிரி ஆட்ட ஆரம்பித்தார். உள்ளே மனைவி பையை அணைத்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தார்.

"என்னங்க, நான் வேணா இறங்கிக்கட்டுமா?"

"வேணாம் இரு, உன் கனமும் வேணும்."

"கல்யாணம் ஆகி இன்னிக்குத்தான் என் கனத்தைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்றீங்க."

ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தத்தோடு காற்று வெளியே வந்தது. டேங்க் கழுத்து வரைக்கும் நிறைந்தது. ஃபுல்லின் முகத்திலும் அதே நிறைவு.

முந்தைய ராத்திரி முழுக்க அக்காவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த மனைவி, பொட்டல் காடு தொடங்கி ஓர் ஆட்டுக் கொட்டகையைத் தாண்டியதுமே தூங்கிவிட்டார். ஒற்றை மரம் வந்தது. முள் முக்காலில் நின்றது. அந்த மரத்தடியில் முக்கால் முள்ளைப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. பூரித்துப் போய் பாட்டு முணுமுணுத்தார். தலைதான் முள்ளைப் பார்த்தது; கைக்கு அதெல்லாம் தெரியாது. கை தன் பழைய வழக்கப்படி ஸ்டியரிங்கை வளைத்து, மரத்தைச் சுற்றி, வந்த வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டது. ரோடு நன்றாகப் பழகின ரோடாக இருந்தது. 'நாம பயந்த அளவுக்கு இல்லையே' என்று ஃபுல் நிம்மதியாக ஓட்டினார்.

வெகுதூரம் போன பிறகு மனைவி கண்ணைத் திறந்தார்.

"என்னங்க, என் பக்கம் அடிச்ச வெயில் உங்க பக்கம் வந்துடுச்சு?"

"வெயில்னா நகரத்தான் செய்யும்."

"இந்த ஆட்டுக் கொட்டகையை நாம ஏற்கெனவே தாண்டினோமே?"

"வழியில ரெண்டு கொட்டகை இருக்கும்."

"ரெண்டுலயும் ஒரே ஆளா நின்னு கை காட்டுறான்?"

ஃபுல் பிரேக்கை மிதித்தார்.  பிறகு அவர் சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பினார். ஆட்டுக்காரன் மூன்றாம் தடவையும் கை காட்டினான், இம்முறை சந்தேகத்தோடு.

மரத்தைத் தாண்டியதும் அவர் இதுவரை போயிராத ரோடு. ஃபுல்லின் பாட்டு நின்றது. மணல் பாதையில் நாலு சக்கர இழுவையைப் போட வேண்டிவந்தது. எஞ்சின் உறுமியது, டீசல் கரைந்தது. அவர் ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை முள்ளிலும் வைத்திருந்தார். அளந்து வைத்த கணக்கில், மரத்தைச் சுற்றி வீட்டுப் பக்கம் ஓடிய ஓட்டம் சேரவில்லையே! அக்கா ஊர் வந்தது. அக்காவின் தெரு வந்தது. தெருமுனையில் முள் நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தது. ஜீப் நின்றது.

"என்னங்க?"

"பாதி."

"அதோ பச்சை கேட். அக்கா ஃபோட்டோவுல அனுப்பினாளே, அதேதான்."

"பாதிம்மா…"

மனைவி கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். மனைவி கத்தவில்லை. ரவிக்கை இருந்த பையை எடுத்துக்கொண்டார். "நீங்க வண்டியைத் திருப்பி வைங்க. நான் மட்டும் போய் நின்னு பார்க்கறேன். ரெண்டு பேருமா வரணும்னுதான் அவ சொன்னா… கதவைத் திறக்கறாளோ என்னவோ" என்றார். கதவின் பிடியைத் தேடிய அவர் கை தவறான இடத்திலேயே தடவிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றால் பிடி எங்கே தெரியும்?

ஃபுல் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"இறங்காதே. இந்தப் பக்கம் வந்து ஸ்டியரிங்கைப் பிடி."

"ஐயோ, எனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஓட்ட வேணாம். நேராப் பிடிச்சாப் போதும். எஞ்சின் ஓடலைன்னா டீசல் செலவாகாது. பாதி பாதியாவே இருக்கும்."

இறங்கிப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். பாதி டேங்க் என்றாலும் பெரிய டேங்க்கின் பாதி. அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "என்னண்ணே, டீசல் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார். தன்னைப் பார்த்து இப்படிக் கேட்கவும் ஒரு ஆள் பிறந்திருப்பான் என்று ஃபுல் கனவிலும் நினைத்ததில்லை. பதில் சொல்ல மூச்சுதான் இல்லை.

சத்தம் கேட்டு அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். வாசலில் வந்து நின்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவர் பார்த்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்த தங்கச்சியையும், பின்னால் பிழிந்த துணி மாதிரி தொங்கிய அவள் புருஷனையும்தான். சேர்த்து வைத்தது எல்லாம் மறந்துபோனது.

"அடிப்பாவி! எங்கிருந்துடி தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

"கொஞ்ச தூரம்தான்கா…"

"இந்த மனுஷனைப் பார்த்தாக் கொஞ்ச தூரம் மாதிரியா இருக்கு? பொட்டல் காடு பூராவும் தள்ளிக்கிட்டு வந்திருக்கார்டி! தம்பி, முதல்ல உக்காருங்க. தண்ணியைக் குடிங்க. டீசல் இல்லாமக்கூட வந்துட்டீங்களே!"

"அண்ணி, அது வந்து…" என்று ஃபுல் ஆரம்பித்தார். மனைவி அவர் காலை ஓங்கி மிதித்தார்.

அக்கா சும்மா இருக்கிற ரகமில்லை. "பங்க் அடுத்த தெருவுலதான் இருக்கு. ஏம்ப்பா, எல்லாரும் வந்து ஒரு கை குடுங்க" என்று தெருவையே கூட்டிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்ற ஃபுல்லை உள்ளே தள்ளி உட்கார வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்காவே முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். "காலி வண்டிக்கு என்னடா இந்தக் கனம்?" என்று யாரோ முனகினார்கள். ஃபுல் ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து திருடன் மாதிரி முழித்தார்.

பங்க்காரர் மூடியைத் திறக்குமுன், "சாவியைத் திருப்புங்க, எவ்வளவு காலின்னு பார்ப்போம்" என்றார். ஃபுல் திருப்பினார். முள் எழுந்து, நிதானமாக நடுவில் போய் நின்றது. வேர்வை வழிகிற தலைகள் ஜன்னலில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. கடைசியாக அக்காவின் தலை வந்தது.

"தம்பி, இது என்ன?"

"பாதி, அண்ணி."

"அப்ப எதுக்குத் தள்ளினீங்க?"

"பாதி போறதுக்கு… பாதி வர்றதுக்கு…"

 அக்கா தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஃபோன்ல சொன்னேனேக்கா. நீ நம்பவே இல்லையே."

"பொய் சொல்றேன்னு நினைச்சேன்டி!" என்று கத்தினார் அக்கா. "உனக்கு வர மனசில்லன்னு நினைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இப்படியும் ஒரு ஆள் நிஜமா இருப்பார்னு யாருடி நம்புவா?"

சொல்லிக்கொண்டே பங்க் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இருவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று பங்க்காரருக்குப் பிடிபடவில்லை. தள்ளியவர்கள் கூலியாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

அக்கா முன் சீட்டில் தங்கச்சியோடு நெருக்கியடித்து ஏறினார். ஃபுல்லின் தோளில் கிடந்த துண்டை எடுத்து டீசல் முள்ளுக்கு மேல் போர்த்தி, நாலு பக்கமும் இறுக்கிச் செருகினார்.

"டீசல் நீங்க ஊருக்குக் கிளம்புற அன்னிக்குப் போட்டுக்கலாம், அன்னிக்குத்தான் இதை எடுப்பேன். இப்ப வீட்டுக்கு ஓட்டுங்க."

ஃபுல்லின் கை ஒருமுறை துண்டின் பக்கம் போனது. அக்கா பட்டென்று அதில் ஓர் அடி வைத்தார். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில் அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிக்கொண்டே வந்தார்கள். பச்சை கேட் வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஃபுல் கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டைத் தாண்டி, அந்தத் தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றிவரக் கிளம்பினார்.