காவேரிக்குப் போன சாவி

அந்த வீட்டு வாசலில் இருந்தது நாலு பேர். ராகவன் சார், ரிடையர்டு கணக்கு வாத்தியார். அவர் மனைவி பத்மா மாமி. எதிர்வீட்டு சேஷாத்ரி. அப்புறம் நான், பாலக்கரை மெக்கானிக் காதர்.

ஆவி, பேய் என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். வண்டி ஓடவில்லை என்றால் கரண்ட் வரவில்லை, இல்லை டீசல் வரவில்லை. வேறென்ன இருக்கிறது? நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கார் சாரின் மகன் வரதனுடையது. வாரம் மூன்று நாள் அப்பாவைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அவன்தான் கூட்டிப்போவான். முந்தின மாதம் மாரடைப்பில் போய்விட்டான். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்கிற வண்டி, சாவியைச் செருக வேண்டாம், வண்டிக்குள் இருந்தால் போதும். மொத்தம் இரண்டு சாவி. அவன் வைத்திருந்த சாவியை அவன் அஸ்தியோடு கலசத்தில் போட்டு, அம்மா மண்டபத்தில் காவேரியில் விட்டுவிட்டார் சார்.

"அவன் கைய விட்டு இறங்காத சாவி பாய். அவனோடயே போகட்டும்னு போட்டுட்டேன்" என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

சாருக்கு ஏற்கெனவே ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தது. கால் வீங்கி, நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி, பட்டப்பகல். கோயில் கூட்டம், தெருவுக்குள் ஆட்டோவைப் போலீஸ் விடவில்லை. ஆம்புலன்ஸ் கூட்டத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. வெளியே போகப் போலீஸ் பாஸ் ஒட்டியிருந்தது இந்த வண்டியில் மட்டும்தான். ஓட்டுவதற்கு சேஷாத்ரி தயாராக நின்றார். வண்டிதான் கிளம்பவில்லை.

மீட்டர் வைத்தேன். பேட்டரி ஃபுல். ஹாரன் அடித்தது, லைட் பளிச்சென்று எரிந்தது. பட்டனை அமுக்கினால் மட்டும் செல்ஃப் மோட்டாரில் ஒரு 'டிக்' கூட இல்லை. எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். ஃபியூஸ் பார்த்தேன், ரிலே மாற்றினேன். மிச்சமிருந்த ஒரே சாவிக்குப் புது செல் போட்டேன், சாவியைப் பட்டன் மேலேயே வைத்து அமுக்கினேன். ஒன்றுமில்லை.

சேஷாத்ரி எட்டிப் பார்த்தார். "பெருமாளே வெளில வந்துட்டார். இது வரமாட்டேங்கறதே! என்ன பாய், ஒங்க பாலக்கரை வைத்தியம் இங்க பலிக்காதோ?"

"கொஞ்சம் சும்மா இருங்க சாமி."

ஸ்கேனரைச் செருகினேன். வண்டிக்குள் எத்தனை சாவி இருக்கிறது என்று அது காட்டும். சாவி என் கையில், நான் டிரைவர் சீட்டில். ஸ்கேனர் 0 என்றது.

"இந்த சாவிய வண்டிக்குத் தெரியலைங்க சார்" என்றேன்.

மாமி சாரைப் பார்த்தாள். "கொழந்தை சாவியைப் போடாதீங்கோன்னு தலைபாடா அடிச்சிண்டேன். கேட்டேளா?"

சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அதற்குமேல் காத்திருக்க முடியாது. தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாற்காலியோடு தூக்கினோம். அந்தச் சாவி வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் இருந்தது. மாமி அதை என் கையிலிருந்து வாங்கி, வீட்டைப் பூட்டி, முந்தானையில் முடிந்துகொண்டு பின்னாலேயே ஓடினாள். சேஷாத்ரியும் போனார். தெருமுனை வரை தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சாமானை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன்.

பானெட்டை மூடினேன். மூடிய கையை எடுக்கவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆனது. உள்ளே யாருமில்லை. நம்பினால் நம்புங்கள், ஒரு இருமல் இல்லை, நடுக்கம் இல்லை, அப்படி ஒரு சுத்தமான ஐடிலிங். அவசரமில்லாமல் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி நின்றது.

போன் அடித்தது. சேஷாத்ரி.

"பாய்... காவேரிப் பாலம் தாண்டலை. சார் போயிட்டார்."

அவர் சொல்லி முடிக்க, இன்ஜின் தானாக நின்றது.

வண்டியை அப்புறம் யாரோ கட்டியிழுத்துக்கொண்டு போனார்கள். பட்டன் வண்டி வந்தால் இன்றைக்கும் நான் முதலில் பின் சீட்டைப் பார்க்கிறேன். இன்ஜின் ஓடியதைக்கூட ஏதோ ஒயர் ஷார்ட் என்று தள்ளிவிடலாம். ஸ்கேனரை எடுக்கக் கதவைத் திறந்தபோது அதன் திரையில் பார்த்ததைத்தான் தள்ள முடியவில்லை. ஒரு சாவி மாமியோடு பாலத்தில். இன்னொன்று காவேரியில்.

வண்டிக்குள் இருக்கும் சாவி: 1.