கதைக்காமல் கஞ்சி குடிக்கிற நேரம்

அன்றைக்குத் திரையில் இருந்தவர்கள் நான்கு பேர். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்த வாடகை அறையில், ஸ்கந்தபுரத்திலிருந்து வயலை விட்டுவிட்டு வந்திருக்கும் என் தம்பி சிவநேசன். அவன் தோளுக்குப் பின்னால் அவன் மனைவி ரஜனி. அதே பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கும் முல்லைத்தீவுக் கடைக்காரர் நஸீர் நானா. நோர்வேயில், நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் உடுப்பு மாற்றும் அறையில் நான். தம்பிக்கும் நானாவுக்கும் தொண்டையில் புற்றுநோய். இருவருக்கும் கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. அங்கே மத்தியானம், இங்கே காலை. எல்லார் கையிலும் கஞ்சி. ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் கூட்டத்தின் சட்டம் அதுதான்: வாய் திறப்பது விழுங்குவதற்கு மட்டும்.

இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை. சில வருடங்களுக்கு முன் எனக்கும் தொண்டையில் இதே நோய் வந்தது, இதே சிகிச்சை நடந்தது. இங்கத்தைய தாதி ஒருத்தி இணைப்பு ஒன்று அனுப்பினாள். திறந்தால் என்னைப் போல வருத்தக்காரர், ஐந்தாறு வெள்ளைக்காரர், ஆளுக்கொரு கோப்பையோடு சும்மா இருக்கிறார்கள். லைன் வேலை செய்யவில்லையாக்கும் என்று பயந்து, வெந்த தொண்டையால் "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். "கதைக்க வேண்டாம், குடியுங்கள்" என்று தாதி எழுதினாள். எனக்கு அழுகை வந்தது. சுகமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாத சனமா இது? ஆனால் எச்சில் விழுங்கவே கண்ணில் நீர் முட்டிய சிகிச்சையின் அந்தக் கடைசிக் கிழமைகளில், ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத இடம் அது ஒன்றுதான். தம்பிக்கு நோய் வந்தபோது அதே மாதிரி ஒன்றை நான் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் நோயாளி வீட்டுக்கு வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் அது தலைமுறைக்கும் கோபம். அதை நான் குறை சொல்லவில்லை. தோடம்பழத்தோடு வந்து, கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். இப்போது லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு வீடியோவில் வருகிறார்கள். "கழுத்தைக் காட்டு பாப்பம்", "வாயைத் திற பாப்பம்", "எங்க, ஒரு சொல்லுக் கதை." ஒருவர் வைத்ததும் அடுத்தவர். காசு அனுப்பிய சனம் என்பதால் தம்பி எல்லோருக்கும் பதில் சொன்னான். கறுத்துப் போன அவன் கழுத்தைப் படமெடுத்துச் சொந்தக்காரர் குழுவில் போட்டார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைப் படங்கள். இதுவா பாசம்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கே விளங்குகிற விஷயம் படித்தவர்களுக்கு ஏன் விளங்கவில்லை?

அன்றைக்கு ஐந்தாவதாக ஒரு முகம் வந்து விழுந்தது. பெரியப்பாவின் மகன், லண்டன் குலம் அண்ணா. ரஜனியிடம் இணைப்பைக் கேட்டிருக்கிறார். அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை.

"என்ன, ஒருத்தரும் கதைக்கிறியளில்லை? செத்த வீடே இது?" என்று சிரித்தார். "தம்பி, அம்மா பக்கத்தில நிக்கிறா. உன்ர குரலைக் கேக்கவேணுமாம். ஒரு சொல்லுச் சொல்லு ராசா."

நான் கையைக் காட்டி மறித்தேன். அவர் பார்க்கவில்லை. தம்பி வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கி, "ஓம் பெரிய..." என்றான். புரைக்கேறியது. கஞ்சி மூக்கால் வந்தது. அவன் எழும்பிப் போனபிறகு வெறும் சுவர்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் கஞ்சியைத் தொடவில்லை. "அக்கா, ஏலாது. விடுங்கோ" என்று எழுதினான். மெலிந்தான். சிகிச்சை மேசையில் தலை அசையாமல் பிடிக்க அவன் முகத்துக்கு அளவெடுத்துச் செய்த முகமூடி தளர்ந்துவிட்டதாம். இன்னும் மெலிந்தால் புதிதாக அளவெடுக்க வேண்டும், அதுவரை சிகிச்சை நிற்கும் என்றார்களாம். நோயும் நிற்குமா? எனக்கு எதற்கும் பயம்தான். இந்தமுறை பயத்துக்கு மேலால் கோபம் வந்தது. குலம் அண்ணாவுக்குப் போன் அடித்தேன்.

"காசு அனுப்பினனாங்கள், முகத்தைப் பாக்கவும் கூடாதோ?" என்றார்.

"சாப்பிடத்தானே அனுப்பினனீங்கள்? அவனைச் சாப்பிட விடுங்கோ."

"வெள்ளைக்காரரோட இருந்து நீயும் நெஞ்சில ஈரம் இல்லாமப் போனாய்."

இணைப்பை மாற்றினேன். இனி சொந்தக்காரர் எவருக்கும் கொடுப்பதில்லை என்று ரஜனியிடம் சத்தியம் வாங்கினேன். தம்பியை மசிய வைத்தது நான் இல்லை, நஸீர் நானா. வழித்துக் குடித்த கோப்பையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தார்: "தம்பி, நீ தந்த உன்ர வயல் அரிசியை நான் குடிச்சு முடிச்சிட்டன். விளைய வைச்சவன் பாத்துக்கொண்டிருக்கிறானாம், கடைக்காரன் கொழுக்கிறானாம்!"

அடுத்த நாள் தம்பி வந்தான், பாதிக் கோப்பையோடு. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த என் கூட வேலை செய்கிறவள் என் தோளைத் தொட்டு, "யாராவது இறந்துவிட்டார்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையாட்டி மறுத்தேன். அவள் நம்பவில்லை, சத்தமில்லாமல் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் இது செத்த வீடாகத்தான் தெரிகிறது.

அப்போது என் போனில் குலம் அண்ணாவின் லண்டன் அழைப்பு வந்து தம்பியின் முகத்தை மூடியது. எடுக்கவும் மனமில்லை, வெட்டவும் மனமில்லை. பெரியம்மா பக்கத்தில் நிற்பா, அவவுக்கும் பயம்தானே. 'எப்பிடியடா இருக்கிறாய்?' என்ற கேள்வி எனக்கும் நாக்கில் நின்றது. ஒரு வாய்க் கஞ்சி எடுத்து அதையும் சேர்த்து விழுங்கினேன். அழைப்பின் பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் தம்பியின் தொண்டை மட்டும் தெரிந்தது. அது ஒருமுறை ஏறி, நின்று, மெல்ல இறங்கியது.