நைனாவின் ஃபோல்டர்

தேர்வாய் கண்டிகையில் மாமா வேலை பார்த்த கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது, அவற்றில் இரண்டை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒன்று கூடத்தில், இன்னொன்று உள்ளறையில். நடுச்சுவரில் ஓட்டை போட்டு ஒரு நீல வயரை இழுத்தார். அன்றிலிருந்து கூடத்துக் கம்ப்யூட்டரில் வைத்த படம் உள்ளறைக் கம்ப்யூட்டரில் தெரிந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சுவருக்குள்ளே காகிதங்கள் மிதந்து போவதாக மனதார நம்பினேன். மத்தியான வேளைகளில் அந்த வயரில் காதை வைத்துப் படுத்திருப்பேன். ஃபேன் சத்தமும் தூரத்து ரயில் சத்தமும் கலந்து, உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது போலவே கேட்கும். அப்படியே தூங்கிப்போவேன்.

மாமா அம்மாவின் தம்பி. கம்பெனியில் யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு எல்லாவற்றிலும் முழு அதிகாரம். அம்மா சமையல் குறிப்புகளைப் பார்க்கலாம், மாற்றக் கூடாது. அக்காவுக்கு அவள் ஃபோல்டர் மட்டும். எனக்கு விளையாட்டு. நைனாவின் ஃபோல்டரில் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அக்காவின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டார். அசல்கள் பீரோவில் இருந்தன. பீரோ சாவி நைனாவின் இடுப்பில்.

இவ்வளவு செய்த மாமா ஒரு விஷயத்தில் கோட்டை விட்டார். நைனாவுக்குக் கம்ப்யூட்டரில் கை வைக்கவே பயம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான்தான் தட்டுவேன். அவருடைய பாஸ்வேர்டே நான் வைத்ததுதான். ஆக, அந்த வீட்டின் முழு அதிகாரமும் என் பத்து விரல்களில் இருந்தது.

அந்த வருடம் அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிப்பின்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதற்குள் ஆர்.கே.பேட்டையில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. நைனாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். படிப்புப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

நர்சிங்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தது. நைனா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியதும், அக்கா உள்ளறையிலிருந்து அவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. திரும்பத் திரும்பத் தட்டினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, நைனா பேர்ல உள்ள போயி, எனக்கும் தொறக்கிற மாதிரி பண்ணேன். என் மார்க் ஷீட்டுதான்டி, வேற இன்னாத்த எடுக்கப் போறேன்?"

அவள் கண் சிவந்திருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்து, பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். பார்ப்பதில் என்ன தப்பு என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளோடு உள்ளறைக்கு ஓடியபோது அவள் திரையில் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இவ்வளவு தூரம் மிதந்து வந்தும் ஒன்றுகூட நனையவில்லையே என்று அதிசயித்தேன்.

அன்று சாயங்காலம் நைனா வந்தபோதும் அக்கா உள்ளே விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவர் உள்ளறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேரே கூடத்துக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"என் ஃபோல்டர யார் யாரு தொறக்கலாம்னு காட்டு."

 காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று பெயர்களையும் நிதானமாகப் படித்தார். நைனா, மாமா, அக்கா.

"பாக்கறது மட்டுந்தானா, எடுத்துக்கினு போவவும் முடியுமா?"

எனக்குப் பொய் வரவில்லை. "பாக்க முடிஞ்சா எடுத்துக்கவும் முடியும் நைனா."

உள்ளறையில் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. நைனா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரி, அப்பிடியே உடு" என்றார். கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, ஆர்.கே.பேட்டைக்காரர்களிடம் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

தப்பித்தோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை என்று உள்ளறைக்கு ஓடி அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதுதான் எல்லாம் கிடைத்துவிட்டதே, இனியும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.