ஃபிளெக்ஸில் போட்ட ஊர்ப்பெயர்

என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். எந்த இடத்தில் என்று யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன். அது உண்மையும்கூட. ஆனால் எனக்குத் தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. தெரிந்ததைப் பத்தடிக்கு எட்டடியில் அச்சடித்துத் தெருமுனையில் கட்டியவள் நான்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தம்பிக்கு லீவு கிடைத்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டான். ஒரு வாரம் இருக்கும்போது, எல்லையில் நிலைமை சரியில்லை என்று எல்லோருடைய லீவையும் ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? வீட்டுப் பாத்திரங்களிடம்தான் காட்டினேன்.

ஆள் இல்லாவிட்டால் படமாவது இருக்கட்டும் என்று காரைக்குடிக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கிளம்பினேன். அவன் முன்பு அனுப்பிய போட்டோ ஒன்று போனில் இருந்தது. தகரக் கொட்டகை வாசலில் சீருடையோடு நிற்கிறான். பின்னால் மலை. பக்கத்தில் இன்னொரு பையன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"எந்தப் படைப்பிரிவு, எந்த ஊருன்னு போட்டா நல்லா எடுப்பா இருக்கும்க்கா" என்றார் கடைக்காரர்.

தம்பி எப்போதும் "வடக்க இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒரே ஒருநாள் அம்மா போனில் தேம்பித் தேம்பி அழுதபோது, தாங்க முடியாமல், அது பயப்படுகிற இடமில்லை என்று சமாதானம் சொல்வதற்காக ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டான். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். படைப்பிரிவின் எண், அவன் வீட்டில் விட்டுப்போன இரும்புப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. கடைக்காரரிடம் இரண்டையும் பெருமையாகச் சொன்னேன். 'பனிமலையில் தேசம் காக்கும் தாய்மாமன்' என்ற வரியும் என் கைவண்ணம்தான்.

விசேஷம் அமராவதிபுதூரில், எங்கள் வீட்டில். சித்தப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தினோம். அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சொந்தக்காரர் இல்லை. இலை போடுவதற்குள் பாதிப்பேர் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள்.

பந்தி நடுவில் தம்பி கூப்பிட்டான். வாழ்த்தத்தான் கூப்பிடுகிறான், எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அந்த ஃபிளெக்ஸ இப்பவே கழட்டு. படம் போட்டவுக எல்லாரையும் அழிக்கச் சொல்லு."

"ஏன்டா, ஒன்னயப் பெருமையாத்தானே போட்டுருக்கேன்?"

"நாங்க எங்க இருக்கோம்ங்கிறது என் ஒருத்தன் விசயம் இல்ல. என்னோட பத்துப் பேரு இங்க படுத்துருக்கானுக. யாருக்குத் தெரியணுமோ அவனுக்கு மட்டுந்தான் தெரியணும். எங்களுக்கு மொதப் பாடமே அதுதான்."

போன் கட்டாகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தார். மலேசியாவில் இருக்கும் பெரியப்பா மகன் தன் பக்கத்திலிருந்து படத்தை அழிக்க மூன்று நாள் ஆனது. நிறைய லைக் விழுந்திருந்ததாம்.

ராணுவத்துக்காரர்கள் பாடம் எளிமையானது. ஒருவனுக்கு வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தெரிய வேண்டும். பெற்ற தாய்க்கும் விலக்கில்லை. எங்கள் பாடம் நேர் எதிர். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் பிள்ளையார்பட்டிக்குப் போகிற வண்டிக்காரனுக்கும் தெரிந்தாக வேண்டும். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த லீவில் வந்தான். இளைத்திருந்தான். மகள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டு தோட்டைக் காட்டினாள். பழையபடி பேச்சை ஆரம்பிக்க எனக்கு ஏதாவது சாக்கு வேண்டியிருந்தது. போனில் அந்தப் போட்டோவை எடுத்து, டீ கிளாஸ்காரனைக் காட்டினேன்.

"இந்தத் தம்பிக்கு எந்த ஊருடா? கல்யாணம் ஆயிருச்சா?"

போனை வாங்கிப் படத்தைப் பார்த்தான். "அவன் இப்ப இல்லக்கா. நம்ம விசேஷம் முடிஞ்சு பன்னெண்டாம் நாளு. கொட்டக மேலயே குண்டு விழுந்துச்சு."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நம்ம ஃபிளெக்ஸாலயாடா?"

அவன் பிள்ளையின் தோட்டை விரலால் மெல்லத் திருகிக்கொண்டிருந்தான்.

"விசாரிச்சாக. என்ன முடிவுன்னு எனக்குச் சொல்லல. சொல்லியிருந்தாலும் ஒன்ட்டச் சொல்ல மாட்டேன்."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லேன்டா. அது போதும்."

"அம்மா அழுதுச்சுன்னு அன்னைக்கு ஒரு வார்த்த சொன்னேன்ல? இனிமே யாரு அழுதாலும் கெடையாது."

நான் அழுதேன். அவன் சொல்லவில்லை.