போகவா, இருக்கவா?

தராசுக்காரர் முப்பது வருஷமாக நிவாரணக் கிடங்கில் வேலை பார்த்தார். மூட்டை தூக்கச் சேர்ந்தவர். முதுகு மக்கர் பண்ணியதும் எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். வரிசையில் நிற்பவர் அழுதாலும் திட்டினாலும் கைரேகை வாங்கிக்கொண்டு "அடுத்தது" என்பார், அவ்வளவுதான். "உங்க அப்பாவுக்கு வாய் இருக்கறதே சோறு திங்கத்தான்" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த மனுஷர் தன் வேலைக்காலத்தில் ஒரே ஒருமுறை ஒருத்திக்கு யோசனை சொன்னார். அந்தக் கதைதான் இது.

மூன்றாவது வருஷமாக மழை பொய்த்திருந்தது. மேய்ச்சல்காரர்கள் முப்பது குடும்பம், ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கிடங்குக்குப் பின்னால் கிணற்றடியில் தங்கினார்கள். பட்டியலில் பெயர் எழுதியாயிற்று. தானிய லாரி வரும் அன்று நேரில் வந்து கைரேகை வைக்காதவர் பெயரை அடித்துவிட வேண்டும், அடித்த பெயரை அந்த வருஷம் மறுபடி சேர்க்கக் கூடாது என்பது விதி. வீடு வாசலோடு இருப்பவர்களை மனதில் வைத்து, தலைமை அலுவலகத்தில் எந்தப் புண்ணியவானோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியது. நடந்துகொண்டே இருப்பதுதான் சிலருக்குப் பிழைப்பு என்று அவருக்கு யார் சொல்வது?

ஐந்தாம் நாள் சாயங்காலம் வடக்கே மின்னியது. மேய்ச்சல்காரர்கள் கூடாரக் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தி எடை மேடைக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள். இரண்டு பெண் குழந்தைகள், அறுபது ஆடுகள்.

"அண்ணே, வடக்க மழை எறங்கியிருக்கு. நாலு நாள் நடந்தா ஆட்டுக்குப் புல்லு கெடைக்கும். போகவா, இருக்கவா?"

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். குழந்தைகளின் குச்சிக் கைகளைப் பார்த்ததும் பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது.

"போயிடாதம்மா. பேரை அடிச்சுட்டா அப்புறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. வியாழக்கிழமை லாரி வந்துடும்."

"நீங்க சொன்னா சரிண்ணே."

அவள் போய் மற்றவர்களிடம் சொன்னாள். வாயே திறக்காத மனுஷன் திறந்து சொல்கிறார் என்றால் விஷயம் இருக்கும் என்று முப்பது குடும்பமும் கம்புகளைத் திரும்ப நட்டது.

வியாழக்கிழமை லாரி வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் "கெளம்பிடுச்சு சார்" என்ற ஒரே பாட்டு. கிணற்றைச் சுற்றி வேர்கூட மிச்சமில்லை. ஆடுகள் கூடாரக் கயிற்றைத் தின்றன. தராசுக்காரர் கிழிந்த சணல் சாக்குகளைக் கொண்டுபோய்ப் போட்டார், அதையும் தின்றன. வெட்கத்தை விட்டு அவளிடம் "இப்பவாவது கெளம்பிடும்மா" என்றார்.

"எங்கண்ணே கெளம்ப? ஆடு நாலு அடி வெச்சா விழுந்துடுது."

பத்தொன்பதாம் நாள் லாரி வந்தது. "வடக்க செம மழை சார், பாலமே போயிடுச்சு. சுத்திக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு" என்றார் டிரைவர். "ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு கெடக்கு."

கூடவே வந்த அதிகாரி பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஒருத்தர் பேர்கூட அடிபடல! நாடோடிங்களையே ஒரே எடத்துல உக்கார வெச்சுட்டீங்களே, பெரிய ஆள்தான்யா நீங்க" என்று தராசுக்காரரின் தோளில் தட்டினார்.

அவள் வரிசையில் கடைசியாக வந்தாள். அறுபது ஆட்டில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கைரேகை வைத்தாள்.

"என்னை மன்னிச்சுடு தங்கச்சி" என்றார் அவர்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க கெட்டவரா இருந்திருந்தா உங்க பேச்சை யாருண்ணே கேட்டிருப்பா?" என்றாள். "அன்னிக்கே கெளம்பிப் போயிருப்போம்."